கிட்டாரின் முதுகில் ஒரு நன்றி

1936. டெக்சஸ் மாநிலத்தின் சான் அந்தோனியோ நகரம். 22 வயது எர்னஸ்ட் டப் டெலிபோன் டைரக்டரியில் ஒரு பெயரைத் தேடிக்கொண்டிருந்தார். அரசின் நிவாரண வேலைத் திட்டத்தில் பள்ளம் தோண்டுவது, மருந்துக்கடையில் விற்பனைக்கு நிற்பது என்று அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த வேலைகள் எல்லாம் அப்படித்தான். உள்ளூர் வானொலியில் பாடவும் செய்தார். அதில் வந்த காசை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அவர் தேடிய பெயர் கேரி ரோஜர்ஸ். மூன்று ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன பாடகர் ஜிம்மி ரோஜர்ஸின் மனைவி.

டப் தன் வாழ்நாளில் ஜிம்மியை நேரில் பார்த்ததே இல்லை. இசைத்தட்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு, அந்தக் குரலைப் போலவே பாடப் பழகியவர். போனில் அவர் கேட்க நினைத்தது சின்ன விஷயம்தான்: ஜிம்மி கையெழுத்துப் போட்ட படம் ஒன்று கிடைக்குமா?

படம் கேட்டுப் போனவர் கொஞ்ச நாளில் ஜிம்மியின் கிட்டாரோடு மேடையேறினார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் அது அவரிடம் இருந்தது.

ஒரு கலைஞர் மீது ரசிகர்கள் வைக்கும் பிரியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இதைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறு இல்லை. ஜிம்மி ரோஜர்ஸை, அமெரிக்கத் தெற்கின் நாட்டுப்புறப் பாட்டிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் தந்தை என்கிறார்கள். அந்தப் பட்டத்தில் பாதி அவர் பாடியதற்கு என்றால், மீதிப் பாதி அவருடைய சாமான்களை அவர் மனைவி பூட்டி வைக்காமல் வெளியே கொடுத்ததற்கு என்பது என் கணக்கு.

ரயிலிலிருந்து இறங்கியவர்

ஜிம்மி ரோஜர்ஸ் 1897 செப்டம்பர் 8ஆம் தேதி பிறந்தார். மிசிசிப்பி மாநிலத்து மெரிடியன்தான் அவருடைய ஊர் என்று உலகம் அறியும். அது ரயில்கள் கூடிப் பிரியும் ஊர். அப்பா தண்டவாளப் பராமரிப்புக் கூலிகளுக்கு மேஸ்திரி. பையனும் சின்ன வயதிலேயே ரயில்வேக்குப் போய்விட்டான். வேலையாட்களுக்குத் தண்ணீர் சுமந்தான். அப்புறம் சரக்கு ரயிலில் பிரேக்மேன். தண்டவாளத்தில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களின் பாட்டும் பேச்சும் அங்கேதான் அவர் காதில் விழுந்தன. பின்னாளில் அவர் பாடிய ப்ளூஸ் என்ற சோகப்பாட்டு வகையின் வேர் அது.

1924இல் காசநோய் என்று தெரிந்தது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். அதற்கு முன் இந்த நோய்க்கு ஓய்வு, நல்ல காற்று, அதிர்ஷ்டம், இவ்வளவுதான் மருந்து. ஓடும் ரயிலின் மேல் ஏறி நடந்து பிரேக் போடுகிற உடம்பு அவருக்கு இனி இல்லை. மிச்சம் இருந்தது பாட்டு.

1927 கோடையில் விக்டர் இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் என்பவர் பிரிஸ்டல் ஊருக்கு வந்து, பழைய தொப்பிக் கிடங்கு ஒன்றில் கருவிகளை வைத்துப் பாடகர்களைத் தேடினார். டென்னஸி, வர்ஜீனியா இரண்டு மாநிலங்களின் எல்லைக்கோடு அந்த ஊரின் கடைத்தெரு நடுவே ஓடுகிறது. ஜிம்மி ஒரு குழுவோடு வந்திருந்தார். தட்டில் யார் பெயரைப் போடுவது என்று குழுவுக்குள் தகராறு. அவர்கள் பிரிந்துபோய்த் தனியாகப் பாடினார்கள். ஆகஸ்ட் 4ஆம் தேதி ஜிம்மி ஒற்றை ஆளாக, ஒரு கிட்டாரோடு, இரண்டு பாட்டுப் பாடினார். அந்தச் சண்டை மட்டும் நடக்கவில்லை என்றால் அவர் ஏதோ ஒரு குழுவில் ஒருவராகவே இருந்திருக்கலாம். ஒரு மனிதன், ஒரு கிட்டார் என்ற உருவம் உருவானது இப்படி.

அதே ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி நியூ ஜெர்சியின் கேம்டன் நகரில் அவர் பதிவுசெய்த முதல் 'ப்ளூ யோடல்' அவரை நாடறிய வைத்தது. யோடல் என்பது அடிக்குரலிலிருந்து உச்சக்குரலுக்குத் தாவும்போது நடுவில் விழும் முறிவை மறைக்காமல், அந்த முறிவையே பாட்டாக்குவது. நமக்குச் சந்திரபாபுவின் பாட்டுகளில் பழக்கமான அதே தாவல்தான். ஆல்ப்ஸ் மலையில் அது துள்ளல். ஜிம்மியிடம் அது கடன்பட்டவனின், காதலி விட்டுப்போனவனின், ரயிலைத் தவறவிட்டவனின் முனகல். இந்த வரிசையில் 13 பாட்டுகள் பதிவுசெய்தார்.

பொருளாதாரப் பெருமந்தக் காலத்துத் தென் மாநிலங்களைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். குடியானவர் மளிகைக் கடைக்குள் வந்து, "ஒரு பவுண்டு வெண்ணெய், ஒரு டஜன் முட்டை, ஜிம்மி ரோஜர்ஸ் புதுசா போட்ட தட்டு ஒண்ணு" என்று கேட்பாராம். நடந்ததோ இல்லையோ, அந்த வரிசையைப் பாருங்கள். விக்டர் தட்டு ஒன்றின் விலை 75 சென்ட். அன்றாடங்காய்ச்சிக்கு அது சின்னப் பணமில்லை.

கருவி

காசு வந்ததும் 1928இல் ஜிம்மி பென்சில்வேனியாவின் நாசரேத் ஊரிலுள்ள மார்ட்டின் கிட்டார் நிறுவனத்திடமிருந்து ஒன்றை வாங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்த குடும்பம் 1833இல் தொடங்கிய பட்டறை அது. வாங்கியது 000-45 ரகம். மூன்று பூஜ்யம் உடலின் அளவைக் குறிக்கும். 45 என்பது அலங்காரத்தைக் குறிக்கும் எண். அந்த நிறுவனத்தின் கணக்கில் அதுதான் உச்சம். முன்பலகை ஸ்ப்ரூஸ் மரம், முதுகும் பக்கங்களும் பிரேசில் ரோஸ்வுட், ஓரமெல்லாம் சிப்பி ஓட்டின் மினுமினுப்பு.

ஜிம்மியின் கிட்டாரில் அதற்கு மேலும் வேலைப்பாடு உண்டு. விரல் ஓடும் கழுத்துப் பலகை நெடுக அவருடைய பெயர் சிப்பியில் பதிக்கப்பட்டிருக்கிறது. தலைப்பகுதியில் 'ப்ளூ யோடல்'. ஒலித்துளைக்குள் எட்டிப் பார்த்தால் மார்ட்டின் குடும்பத்து ஃப்ரெடரிக் மார்ட்டின் கையெழுத்திட்ட வாழ்த்துச் சீட்டு. இதெல்லாம் சரி, பணம் வந்தவர் செய்துகொள்வதுதான். நான் நிற்பது முதுகுப் பக்கத்தில்.

அங்கே பெரிய எழுத்தில் 'தேங்க்ஸ்' என்று எழுதியிருக்கிறது. தலைகீழாக. கிட்டாரை வழக்கமாகப் பிடித்திருக்கும்போது அந்தச் சொல் பாடுகிறவரின் வயிற்றோடு ஒட்டி இருக்கும், யாருக்கும் தெரியாது. பாட்டு முடிந்து கைதட்டல் எழும்போது அவர் கிட்டாரை அப்படியே புரட்டித் தூக்கிக் காட்டுவார். அப்போது எழுத்து நேராகிவிடும். கடைசி வரிசைவரை படிக்கலாம். மூச்சுக்குத் திண்டாடுகிற காசநோயாளிக்கு மேடையில் ஒரு வாக்கியம் மிச்சமாகிறது என்று வேடிக்கையாகவும் சொல்லலாம். ஆனால் இதை எழுதச் சொல்லும்போதே, இந்தக் கருவியை எதிரே உட்கார்ந்திருப்பவர்களும் பார்ப்பார்கள் என்று அவர் யோசித்திருக்கிறார். முன்பக்கம் அவர் பெயர், பின்பக்கம் அவர்களுக்கு.

அவர் பெரிய கிட்டார் வித்வானும் இல்லை. கட்டைவிரலால் அடித் தந்தியில் ஒரு சுரம், மற்ற விரல்களால் ஒரு வருடல், பாட்டு வரிகளுக்கு நடுவே கீழ்த்தந்தியில் சின்ன ஓட்டம். அவ்வளவுதான். தாளத்தில் வேறு அவர் சொந்த மனப்படி போவார். ஓர் அடியைக் கூட்டுவார், ஓர் அடியை விழுங்குவார். கூட வாசித்தவர்கள் பாடு திண்டாட்டம். 1930 ஜூலையில் ஹாலிவுட்டில் ஒன்பதாவது 'ப்ளூ யோடல்' பதிவானபோது டிரம்பெட் வாசித்தவர் ஜாஸ் மேதை லூயி ஆம்ஸ்ட்ராங், பியானோவில் அவர் மனைவி லில். அவர்களே வளைந்து வளைந்து பின்தொடர்வது தட்டில் கேட்கிறது. 1929இல் எடுத்த ஒரு குறும்படத்தில் ஜிம்மி பிரேக்மேன் உடையில், ரயில்வே உணவுக்கடை போன்ற செட்டில் இரண்டு பெண்களுக்கு எதிரே உட்கார்ந்து மூன்று பாட்டுப் பாடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. இவ்வளவு எளிமையான வாசிப்பா? மூன்றாவது தடவை பார்க்கும்போதுதான் விஷயம் பிடிபட்டது. இந்த வாசிப்பைப் பார்க்கிற எந்தப் பையனும் 'இது நமக்கும் வரும்' என்று நினைப்பான். தாளத்தோடு மல்லுக்கட்டும்போதுதான் வராது என்று தெரியும். அதற்குள் கிட்டார் வாங்கியிருப்பான்.

கட்டில் போட்ட ஸ்டுடியோ

1929இல் டெக்சஸின் கெர்வில்லில் பெரிய வீடு கட்டினார். காசநோயாளிகள் தேடிப்போன காய்ந்த காற்றுள்ள ஊர் அது. வைத்தியச் செலவு தாங்காமல் சில ஆண்டுகளில் வீடு கைவிட்டுப் போனது. தன் நோயையே பாட்டாகவும் பாடினார். 1931இல் வந்த 'டி.பி. ப்ளூஸ்' கேட்பவரை நெளிய வைக்கும், அவ்வளவு நேரடி.

1933 மே மாதம் நியூயார்க் போனார். குடும்பத்துக்கு ஏதாவது விட்டுப்போக வேண்டும் என்றால் தட்டுகள்தான் வழி. 17ஆம் தேதி தொடங்கி 24ஆம் தேதி வரை விட்டுவிட்டுப் பதிவு நடந்தது. ஸ்டுடியோவிலேயே கட்டில் போட்டிருந்தார்கள். ஒரு பாட்டு முடிந்தால் படுப்பார். கூட ஒரு நர்ஸ். மறுபடி எழுந்து அடுத்த பாட்டு. கடைசிப் பாட்டை பிரிஸ்டலில் தொடங்கியது போலவே தனி ஆளாக, தன் கிட்டாரோடு முடித்தார். 26ஆம் தேதி டாஃப்ட் ஹோட்டலில் நுரையீரலில் ரத்தம் பொங்கி இறந்தார். வயது 35. உடலை ரயிலில்தான் மெரிடியனுக்குக் கொண்டுபோனார்கள்.

கைமாற்று

மறுபடி சான் அந்தோனியோ. கேரி அம்மையாருக்கு அப்போது வசதி ஒன்றும் இல்லை. அவரிடம் இருந்தது ஒரு பெயர், கொஞ்சம் உரிமைத்தொகை, ஒரு கிட்டார். டப் வீட்டுக்கு வந்து போனார். அவருடைய வானொலிப் பாட்டை அம்மையார் கேட்டார். ஜிம்மியின் குரல் இவருக்கு இல்லை என்பது அவருக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. பாட்டில் உள்ள உணர்ச்சி நிஜம் என்பதும் தெரிந்தது. ஜிம்மியின் பழைய நிறுவனத்திடம் பேசி 1936 அக்டோபரில் டப்புக்குப் பதிவு வாங்கிக்கொடுத்தார். கிட்டாரையும் கையில் கொடுத்தார்.

இந்த இடத்தை அவசரமாகக் கடக்கக்கூடாது. பொதுவாகப் பெரிய கலைஞர் இறந்தால் வீட்டார் செய்வது இரண்டில் ஒன்று. விற்பார்கள், இல்லையென்றால் கண்ணாடிக்குள் வைப்பார்கள். இரண்டுக்கும் கேரியிடம் காரணம் இருந்தது. அவரோ, பேர் தெரியாத ஒரு மருந்துக்கடைப் பையனிடம், கணவரின் பெயர் பதித்த கிட்டாரைத் தூக்கிக் கொடுத்தார். ரசிகனின் பிரியத்துக்கு ஒரு வேலை கொடுத்தார் என்று சொல்லலாம். வாசி, ஊர் ஊராகக் கொண்டுபோ.

உடனே பலன் கிடைத்ததா என்றால், இல்லை. அந்த முதல் தட்டுகளில் ஜிம்மியின் மறைவைப் பற்றிய அஞ்சலிப் பாட்டுகளும் இருந்தன. போணியாகவில்லை. மக்களிடம் அசலே இருக்கும்போது நகலை யார் வாங்குவார்கள்? டப் ஜிம்மியின் கிட்டாரை வைத்துக்கொண்டு, ஜிம்மியின் பாட்டை, ஜிம்மியின் யோடலோடு பாடிக்கொண்டிருந்தார். மற்றவர் பெயரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நிற்பது சாதாரணப் பாரமில்லை. ஒவ்வொரு முறை விரல் நகரும்போதும் அந்த எழுத்துகளின் மேல்தான் நகரும்.

அவரைக் காப்பாற்றியது ஒரு ஆபரேஷன். 1939இல் டான்சில் எடுத்தார்கள். அதோடு யோடல் போயிற்று. ஜிம்மியைப் போலப் பாட இனி வழியில்லை என்று ஆனபிறகு, சொந்தமாகப் பாட்டு எழுத ஆரம்பித்தார். கரகரத்த, சுருதியைச் சற்றுத் தாழ்த்திப் பிடிக்கும் தன் குரலிலேயே பாடினார். 1941இல் அவர் எழுதிப் பாடிய 'வாக்கிங் த ஃப்ளோர் ஓவர் யூ' பெரும் வெற்றி. அந்தப் பாட்டில் மின் கிட்டார் ஒலிக்கும். 1943இல் நாஷ்வில்லில் வாரந்தோறும் நடக்கும் கன்ட்ரி இசை வானொலிக் கச்சேரியான கிராண்ட் ஓல் ஆப்ரியின் மேடைக்குப் போனார். 1947இல் அதே ஊரில் இசைத்தட்டுக் கடை வைத்தார். சனிக்கிழமை ஆப்ரி முடிந்தபின் கடையிலிருந்தே வானொலி நிகழ்ச்சி நடக்கும், புதுப் பாடகர்களுக்கு மேடை கிடைக்கும். தனக்குக் கேரி செய்ததை அவர் வேறு வடிவில் திருப்பிச் செய்தார்.

குரல் மாறிவிட்டது, பாட்டு மாறிவிட்டது, பக்கத்தில் மின் கருவிகள் வந்துவிட்டன. கையில் மட்டும் 1928ஆம் ஆண்டுக் கிட்டார். ஜிம்மி இறந்தபின் பிறந்த பிள்ளைகள் அந்த எழுத்துகளைப் பார்த்து, யார் இந்த ஜிம்மி ரோஜர்ஸ் என்று கேட்டிருப்பார்கள். கண்ணாடிப் பெட்டியைப் பார்க்க ஆள் ஊர் தேடி வர வேண்டும். இந்தக் கிட்டாரோ ஊர் ஊராகத் தானே போனது.

மற்ற பிள்ளைகள்

ஜிம்மியின் பாட்டைப் பாடியே தொடங்கிய பாடகர் ஜீன் ஆட்ரி, 1933இல் அதே மார்ட்டின் நிறுவனத்திடம் இன்னும் பெரிய உடலுள்ள கிட்டாரைச் செய்யச் சொல்லி, கழுத்தில் தன் பெயரைச் சிப்பியில் பதித்துக்கொண்டார். உலகின் முதல் டி-45 அதுதான். கிட்டார் சேகரிப்பவர்களிடம் இந்த எண்ணைச் சொன்னால் கண் விரியும். இன்னொரு கன்ட்ரி பாடகர் லெஃப்டி ஃப்ரிஸெல் தன் கிப்சன் கிட்டாரில் பெயர் போட்டுக்கொண்டார். 1951இல் ஜிம்மியின் பாட்டுகளை மட்டும் தொகுத்துப் பாடினார். கன்ட்ரி பாடகர்கள் கிட்டாரின் கழுத்தில் பெயர் பதிக்கும் வழக்கத்தை இன்று யாரும் கேள்வி கேட்பதில்லை.

கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மீன்பிடிப் படகில் வேலை பார்த்த பாடகர் ஹாங்க் ஸ்னோ ஒரு படி மேலே போனார். மகனுக்கே ஜிம்மி ரோஜர்ஸ் ஸ்னோ என்று பெயர் வைத்தார். அந்த ஸ்னோவும் டப்பும் சேர்ந்துதான் 1953 மே 26ஆம் தேதி, ஜிம்மி இறந்து 20 ஆண்டு ஆனபோது, மெரிடியனில் நினைவு நாள் நடத்தினார்கள். நினைவுக்கல் திறந்தார்கள், நீராவி எஞ்சின் ஒன்றையும் நிறுத்தினார்கள். ஊரே திரண்டது. அதன்பின் ஆண்டுதோறும் விழா. 1955இல் வந்து பாடியவர்களில் எல்விஸ் பிரஸ்லி என்ற இளைஞரும் ஒருவர்.

கன்ட்ரி இசையின் புகழ் மன்றம் 1961இல் தொடங்கியபோது முதல் மூவரில் ஜிம்மி ஒருவர். 1978இல் தபால்தலையும் வந்தது.

கிட்டார் போகாத ஊர்

இவ்வளவும் கிட்டார் போன ஊர்களின் கதை. அது போகாத ஊரிலும் பிரியம் பிறந்தது என்பதால், என் கணக்கைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது.

1950இல் ஹியூ ட்ரேசி என்ற இசைச் சேகரிப்பாளர் கென்யாவின் கப்கட்டெட் என்ற ஊரில் கிப்சிகிஸ் மக்களின் பாட்டுகளைப் பதிவுசெய்தார். அதில் இளம்பெண்கள் பாடிய ஒரு பாட்டு. பெயர் 'செமிரோச்சா'. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: ஜிம்மி ரோஜர்ஸ். கிராமபோனோடு வந்த வெள்ளைக்காரர்களின் தட்டுகளில் அந்தக் குரலைக் கேட்டவர்கள், இப்படிப் பாடுகிறவன் முழு மனிதனாக இருக்க முடியாது, பாதி மனிதன் பாதி மான் என்று வைத்துக்கொண்டார்கள். வந்து எங்களோடு ஆடு, கால்சட்டை கழன்று விழும்வரை ஆடு என்று அந்தப் பெண்கள் அவனை அழைக்கிறார்கள். பக்கவாத்தியம் அவர்களுடைய சொந்த யாழ். தந்திகளை மீட்டிக்கொண்டு தனியே பாடுகிறவன் அவர்களுக்குப் புதியவனில்லை. அந்த இடத்தில் அவனை உட்கார வைத்துவிட்டார்கள். அறுபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து அந்தப் பதிவுகளைக் கிராமத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தபோது, அன்று ட்ரேசிக்காகப் பாடியவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள்.

இந்தியாவுக்கும் அந்தக் குரல் வந்தது. 'ட்வின்' முத்திரையில் ஜிம்மியின் தட்டுகள் இங்கே விற்பனையாயின. கிஷோர் குமாரின் யோடலுக்குப் பின்னால் ஜிம்மியின் தட்டும் ஆஸ்திரேலியாவில் புகழ்பெற்ற டெக்ஸ் மார்ட்டனின் தட்டும் இருப்பதாகச் சொல்வார்கள். அமெரிக்கத் தெற்கிலேயே, ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் தன் ஊளைக்கு ஜிம்மியைத்தான் காரணம் சொன்னார்: யோடல் செய்ய முயன்றேன், வரவில்லை, ஊளைதான் வந்தது. டப்புக்கு நடந்ததும் ஏறத்தாழ அதுதான்.

பூட்டுக்குள்

மெரிடியனில் ஜிம்மிக்கு அருங்காட்சியகம் 1976இல் திறந்தது. கிட்டார் ஊர் திரும்பி, இன்று அங்கேதான் சேர்ந்திருக்கிறது. 1997இல் ஜிம்மியின் நூற்றாண்டுக்கு மார்ட்டின் நிறுவனம் அதன் பிரதிகளைக் குறைந்த எண்ணிக்கையில் செய்து விற்றது. முதுகில் தலைகீழ்ச் சொல் உட்பட. அசல் கிட்டாரைத் திரும்ப வாசிக்கக் கொடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஏறக்குறைய நூறு வயது மரம், அதன் விலை, அதன் உடைசல் எல்லாம் எனக்கும் புரிகிறது.

டப்பும் அதைப் புரிந்துகொண்டுதான் பின்னாட்களில் தன் சொந்த மார்ட்டினை மேடைக்கு எடுத்துப் போனார். அந்தக் கிட்டாரின் கழுத்தில் அவர் பெயரே இருந்தது. முதுகில் அதே 'தேங்க்ஸ்', பெரிய எழுத்தில். 1984இல் அவர் இறக்கும்வரை பார்த்தவர்களுக்கு அது எர்னஸ்ட் டப்பின் அடையாளம். பாட்டு முடியும், பல் தெரியச் சிரிப்பார், கிட்டாரைப் புரட்டுவார்.